கவுன்சிலர் பெர்னார்ட் ஷா

ஜார்ஜ் பெர்னார்ட் ஷாவின் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரு வரி எப்போதும் வேகமாகக் கடந்துபோகும். 1897 முதல் 1903 வரை லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் பகுதியின் உள்ளாட்சி மன்றத்தில் அவர் உறுப்பினராக இருந்தார் என்பதே அந்த வரி. நான் இளங்கலை படித்தபோது பகுதி இரண்டு ஆங்கிலத் தாளில் அவருடைய ‘ஆர்ம்ஸ் அண்ட் த மேன்’ பாடமாக இருந்தது. ஆசிரியர் குறிப்பை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெற்றவர்களுள் நானும் ஒருத்தி. தாடி, நையாண்டி, நோபல் பரிசு எல்லாம் அந்தக் குறிப்பில் இருந்தன. கவுன்சிலர் ஷா இல்லை. பல ஆண்டுகள் கழித்து, நான் பணியாற்றும் கல்லூரி நூலகத்தில், வணிகவியல் அடுக்கில் தவறாக வைக்கப்பட்டிருந்த ஒரு மெல்லிய நூலைத் தற்செயலாக எடுத்தேன். ‘த காமன் சென்ஸ் ஆஃப் முனிசிபல் டிரேடிங்’ என்பது தலைப்பு. நகராட்சி நடத்தும் தொழில்களைப் பற்றிய நூல் என்பதால் அந்த அடுக்கில் வைத்துவிட்டார்கள் போலும். எழுதியவர் பெயரைப் பார்த்து இது வேறு யாரோ ஒரு ஷா என்றே முதலில் நினைத்தேன். நடையைப் பார்த்ததும் அந்த ஐயம் போயிற்று.

இந்தக் கட்டுரை அந்த ஷாவைப் பற்றியது. தன் வட்டத்து மக்களுக்கு மன்றத்தில் நடப்பதைச் சொல்லவேண்டியது உறுப்பினரின் கடமை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வோம். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். எங்கள் தெருவில் ஆண்டுக்கொருமுறை வரும் துண்டறிக்கையில் உறுப்பினரின் படம் முக்கால் பக்கத்தை எடுத்துக்கொள்ளும். மீதிக் கால் பக்கத்தில் பொங்கல் வாழ்த்து. தண்ணீர் வராத நாட்களை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போவார்கள். ஏன் வரவில்லை என்பதைச் சொல்லமாட்டார்கள். ஷா அந்த ‘ஏன்’ என்பதைச் சொல்ல முயன்றவர். அதில் சில இடங்களில் மிக நன்றாகவும், ஓரிடத்தில் மிக மோசமாகவும் நடந்துகொண்டார்.

செயின்ட் பாங்க்ராஸ் சிறிய இடமன்று. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே 2,35,000 பேர் வாழ்ந்தனர். யூஸ்டன், கிங்ஸ் கிராஸ், செயின்ட் பாங்க்ராஸ் என்னும் மூன்று பெரும் ரயில் நிலையங்களும் அதன் எல்லைக்குள் இருந்தன. ரயில் நிலையங்களைச் சுற்றி நிலக்கரிக் கிடங்குகள், குதிரை லாயங்கள், ஒரே அறையில் குடும்பமே முடங்கிய வீடுகள். தெற்கு மூலையில் ஃபிட்ஸ்ராய் சதுக்கம்போலப் பழைய பெருமை மங்கிய தெருக்கள். அந்தச் சதுக்கத்தின் 29ஆம் எண் வீட்டில்தான் 1887 முதல் ஷா தம் தாயுடன் குடியிருந்தார். (இதே வீட்டில் பின்னாளில், 1907 முதல் 1911 வரை, வெர்ஜீனியா உல்ஃப் இருந்தார் என்பது இலக்கிய அன்பர்களுக்கு உபரிச் செய்தி.)

அப்போது அந்தப் பகுதியை ஆண்டது ‘வெஸ்ட்ரி’ என்னும் அமைப்பு. தேவாலயத்தில் அங்கி மாற்றும் அறைக்கு வெஸ்ட்ரி என்று பெயர். அந்த அறையில் கூடி ஊர்க் காரியம் பேசியவர்களின் கூட்டத்திற்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. பெயர்தான் தேவாலயத்தினுடையது, வேலை முழுக்க உலகியல்: சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, தொற்றுநோய். நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். பெரும்பாலும் கடைக்காரர்களும் ஒப்பந்தக்காரர்களும் வீட்டு உரிமையாளர்களும். 1897 மே மாதம், கட்சிகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாட்டின் பயனாய்ப் போட்டியின்றி ஷா உள்ளே வந்தார். அப்போது அவருக்கு நாற்பது வயது. வார இதழொன்றில் நாடக விமரிசகர். நாடகாசிரியராகப் பெயர் பெறத் தொடங்கியிருந்த நேரம். அப்படிப்பட்டவர் சுகாதாரக் குழு, மின்விளக்குக் குழு, வடிகால் குழு என்று ஆறு ஆண்டுகள் உட்கார்ந்தார். 1900 நவம்பரில், முந்தைய ஆண்டுச் சட்டத்தின்படி லண்டனின் வெஸ்ட்ரிகள் 28 பெருநகரப் பகுதி மன்றங்களாக மாற்றப்பட்டபோது அவர் முறைப்படி கவுன்சிலரானார்.

அவருக்கு இந்த ஈடுபாடு திடீரென்று வந்ததன்று. 1884இல் தொடங்கிய ஃபேபியன் சங்கத்தின் தூண்களுள் அவர் ஒருவர். சோஷலிசத்தைத் தடியடியால் கொண்டுவர முடியாது, தகவலால் கொண்டுவரலாம் என்பது அந்தச் சங்கத்தாரின் நம்பிக்கை என்று சுருக்கிச் சொல்லலாம். 1889இல் அவர்கள் வெளியிட்ட ‘ஃபேக்ட்ஸ் ஃபார் லண்டனர்ஸ்’ என்னும் குறுநூலை, சிட்னி வெப் தொகுத்தது, ஒரு மாநகரத்தின் குடும்ப அட்டை என்றே சொல்லவேண்டும். யார் எவ்வளவு வரி தருகிறார்கள், குடிநீர் யார் கையில் இருக்கிறது, சந்தைகளுக்கு யார் சொந்தக்காரர் என்பதெல்லாம் அதில் இருந்தன. அதே ஆண்டு ஷா பதிப்பித்த ‘ஃபேபியன் கட்டுரைகள்’ தொகுப்பில் எழுதியவர்களுள் ஒருவர் அன்னி பெசண்ட். ஆம், நம் அடையாற்று அன்னி பெசண்ட்தான். அதற்கு முந்தைய ஆண்டு தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களின் அவல நிலையை இதழில் எழுதி அம்பலப்படுத்தியவர். அதே 1888இல் லண்டன் கல்விக் குழுவுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரை மீண்டும் சந்திப்போம்.

அக்காலத்து செயின்ட் பாங்க்ராஸ்வாசிக்குத் தன் மன்றத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? தகவல் இல்லாமலில்லை. 1855ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு வெஸ்ட்ரியும் ஒரு சுகாதார மருத்துவ அலுவலரை நியமிக்கவேண்டும். அவருடைய அறிக்கையை ஆண்டுதோறும் வெளியிடவேண்டும். எத்தனை பிறப்பு, எத்தனை இறப்பு, எந்த நோயால் என்று அட்டவணை அட்டவணையாக அச்சாகிக்கொண்டிருந்தது. செயின்ட் பாங்க்ராஸின் அலுவலர் ஜான் சைக்ஸ் கைதேர்ந்தவர். (தாய்மார்களுக்குக் குழந்தை வளர்ப்பைச் சொல்லித்தரும் ‘தாய்மார் பள்ளி’ 1907இல் அங்கே தொடங்கப்பட்டபோது அதன் பின்னணியில் இருந்தவர்களுள் ஒருவர்.) ஆனால் சாமானியர் கைக்கு வந்து சேர்ந்த தாள் ஒன்றே ஒன்றுதான்: வரிச்சீட்டு. வாடகை மதிப்பில் பவுண்டுக்கு இத்தனை ஷில்லிங் என்று கேட்கும் அந்தச் சீட்டு, பணம் எங்கே போகிறது என்று சொல்வதில்லை. ஆகவே வரி ஏறினால் மன்றம் கெட்டது, குறைந்தால் நல்லது. இந்த ஒரே அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு மக்கள் வாக்களித்தார்கள். பெரும்பான்மையோர் வாக்களிக்கவே போகவில்லை.

இந்த இடத்தில்தான் 1904இல் வெளியான ஷாவின் நூல் வருகிறது. அதன் பின்னணியையும் சொல்லவேண்டும். காஸ், தண்ணீர், டிராம், மின்சாரம் ஆகியவற்றை நகராட்சிகளே நடத்தத் தொடங்கியிருந்த காலம் அது. செயின்ட் பாங்க்ராஸ் வெஸ்ட்ரி 1891லேயே சொந்தமாக மின்சாரம் உற்பத்தி செய்து விற்றது. லண்டனில் இதை முதலில் செய்த உள்ளாட்சி அதுதான். தனியார் கம்பெனிகளுக்கு இது எரிச்சல். 1902இல் ‘டைம்ஸ்’ நாளிதழ் ‘நகராட்சி சோஷலிசம்’ என்னும் தலைப்பில் தொடர்கட்டுரைகள் வெளியிட்டு, ஊரார் பணம் வீணாகிறது என்று பிரசாரம் செய்தது. கம்பெனிக் கணக்கையும் நகராட்சிக் கணக்கையும் அருகருகே வைத்து, பாருங்கள், இவர்கள் லாபம் காட்டுகிறார்கள், அவர்கள் காட்டவில்லை என்பது வாதம். எளிய வாதம். படித்தவர்களையும் ஏமாற்றக்கூடியது.

ஷா அதை எடுத்துப் பிரித்துப் போடுகிறார். மதுவடிப்பாலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். கம்பெனிக் கணக்கில் அது அருமையான தொழில், பங்குதாரருக்குக் கொழுத்த ஈவுத்தொகை. ஆனால் குடித்துவிட்டு விழுந்தவனைத் தூக்கும் காவலருக்குச் சம்பளம், அவனை அடைக்கும் சிறைக்குச் செலவு, நோயுற்றால் மருத்துவச் செலவு, குடும்பம் தெருவுக்கு வந்தால் ஏழைகள் விடுதிச் செலவு, இவையெல்லாம் யார் கணக்கில் எழுதப்படுகின்றன? ஊரார் கணக்கில். கம்பெனி தன் லாபத்தைத் தானே எடுத்துக்கொண்டு நட்டத்தை வரிச்சீட்டில் ஏற்றிவிடுகிறது. நகராட்சிக்கு அந்த வசதி இல்லை. தான் செய்ததன் விளைவு எந்த வாசல் வழியாக வந்தாலும் அது தன் வீட்டுக்குள்ளேயேதான் வரவேண்டும். ஆகவே நகராட்சியின் லாபம் பேரேட்டில் தெரியாது. குறைந்த சாவிலும் காலியான சிறையறையிலும்தான் தெரியும். பேரேட்டில் மட்டும் தேடுகிறவன் காணமாட்டான்.

அடுத்து வட்டி. நகராட்சி குறைந்த வட்டிக்குக் கடன் வாங்க முடியும். ஊர் ஓடிப்போகாது என்று கடன் கொடுப்பவனுக்குத் தெரியும். ஆனால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முதலையும் சேர்த்து அடைத்துவிடவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அதற்காக ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கவேண்டும். கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதலீட்டுக்கு என்றென்றைக்கும் ஈவுத்தொகை தந்துகொண்டே இருக்கலாம், அதாவது வாடிக்கையாளர் தந்துகொண்டே இருக்கலாம். இரண்டு கணக்கையும் ஒரே தட்டில் வைத்தால் நகராட்சி தோற்றதுபோலத் தெரியும். கடன் முடிந்த பிறகு அந்த மின்நிலையம் யாருக்கும் கடன்படாமல் ஊர்ச் சொத்தாக நிற்கும் என்பதை அந்தத் தட்டு காட்டாது. இன்னொன்றும் சொல்கிறார், சொந்தக் கட்சிக்காரர்களுக்கே பிடிக்காதது. மின்சாரத்தை விற்று லாபம் எடுத்து வரியைக் குறைத்தோம் என்று மன்றம் மார்தட்டினால், விளக்கு எரிப்பவனிடம் கூடுதலாகப் பிடுங்கி எரிக்காதவனின் வரியைக் குறைத்தோம் என்பதே அதன் பொருள். மேலும், மின்சாரம்போன்ற தொழிலுக்கு லண்டனின் மன்ற எல்லைகள் மிகவும் குறுகியவை என்று தான் அமர்ந்திருந்த நாற்காலியின் குறையையும் அவரே எடுத்துரைக்கிறார்.

இந்த நூலை நான் வியந்து படித்ததற்குக் காரணம் அதன் சோஷலிசமன்று. (ஃபேபியன்களின் சோஷலிசம் எனக்கு எப்போதும் சற்று வழவழப்பானது.) பொதுமக்களுக்குக் கணக்குப் புரியாது என்னும் எண்ணம் அதில் எங்குமே இல்லை. மன்றக் குழுவில் கேட்ட வாதங்களை, அவற்றின் சிடுக்குகளோடு, அப்படியே வாசகர் முன் வைத்து, இனி நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்கிறார். நாடகங்களில் அவர் செய்ததும் இதுதானே என்று அப்போது தோன்றியது.

ஆனால் கணக்கு எழுதுவது எளிது. சபையில் வாய்விட்டுச் சொல்லக் கூசும் செய்தியை என்ன செய்வது?

கேம்டன் நெடுஞ்சாலையும் பார்க் தெருவும் கூடும் முனையில் பெண்களுக்கு ஒரு பொதுக் கழிப்பிடம் கட்டவேண்டும் என்னும் பேச்சு 1900 வாக்கில் மன்றத்தில் எழுந்தது. ஆண்களுக்கு லண்டன் தெருக்களில் சிறுநீர் கழிக்க இடங்கள் இருந்தன, கட்டணமும் இல்லை. பெண்களுக்கு அநேகமாக எங்கும் இல்லை. இருந்த சிலவற்றிலும் ஒரு பென்னி கொடுத்தால்தான் கதவு திறக்கும். வேலைக்குப் போகிற பெண்கள், பூ விற்கிற பெண்கள், கடைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் நாள் முழுதும் அடக்கிக்கொள்ளவேண்டும், அல்லது வெளியே வராமலிருக்கவேண்டும். இந்தப் பேச்சு எழுந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. சுற்றியிருந்த வீடுகளுக்கு மதிப்புக் குறைந்துவிடும் என்றார்கள் உரிமையாளர்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்றார்கள் பஸ் முதலாளிகள். (அன்றைய பஸ்கள் குதிரை பூட்டியவை.) சரி, சோதித்துப் பார்ப்போம் என்று அந்த முனையில் கழிப்பிடத்தின் அளவில் மரத்தாலான ஒரு மாதிரியை நிறுத்தினார்கள். வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அதன்மேல் மோதின! தற்செயலாக அல்ல, வேண்டுமென்றேதான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நான் படித்தவரையில் உள்ளாட்சி வரலாற்றில் இதைவிட அப்பட்டமான நாடகம் கிடையாது; ஷாவே எழுதியிருந்தால் மிகைப்படுத்திவிட்டார் என்றிருப்போம்.

இந்த இடத்தில் நான் சொந்த அனுபவத்தைச் சொல்லாமல் போனால் நேர்மையாகாது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேருந்தில் கல்லூரிக்குப் போய்வருகிறேன். வழியில் ஒரு பேருந்து நிலையத்தில் வண்டி மாறவேண்டும். அங்கே ஆண்கள் சுவரோரம் ஒதுங்கிவிடுகிறார்கள், காசில்லை. பெண்கள் ஐந்து ரூபாய், சில நாள் பத்து ரூபாய் கொடுத்து உள்ளே போனால் தண்ணீர் இருக்காது, தாழ்ப்பாள் இருக்காது. நானும் என் சக ஆசிரியைகளும் காலையில் ஒரு மிடறு காப்பிக்குமேல் எதுவும் குடிக்காமல் கிளம்பப் பழகிவிட்டோம். சிறுநீரகத் தொற்று எங்கள் ஆசிரியர் அறையில் தலைவலியைப்போலச் சாதாரணப் பேச்சு. ஒருமுறை இதை எழுத்தில் முறையிட்டேன். பதில் வரவில்லை. நேரில் போய்க் கேட்டபோது எதிரிலிருந்தவர் மேசையைப் பார்த்துக்கொண்டே, ‘எழுதிக் கொடுங்க மேடம்’ என்றார். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் காது சிவந்திருந்தது. அந்தச் சிவப்பை நினைத்துக்கொண்டுதான் ஷாவின் அனுபவத்தைப் படித்தேன்.

ஏனென்றால் அவருடைய சபையிலும் அதே கூச்சம்தான். இந்தப் பொருள் வந்தாலே உறுப்பினர்கள் நெளிவார்கள், சிரிப்பார்கள், அல்லது கண்ணியத்தின் பெயரால் அடுத்த பொருளுக்குத் தாவிவிடுவார்கள். முன்பு அப்படியில்லை. 1894ஆம் ஆண்டுச் சட்டம் பெண்கள் வெஸ்ட்ரிகளில் அமர வழி செய்திருந்தது. செயின்ட் பாங்க்ராஸிலும் சில பெண்கள் இருந்தார்கள். எதிரே ஒரு பெண் உட்கார்ந்து பெண்களின் தேவையை நிதானமாகப் பேசும்போது ஆண்கள் நெளிவதற்கு இடமில்லை. 1899இல் வெஸ்ட்ரிகளை மன்றங்களாக மாற்றும் சட்டம் வந்தபோது, பெண்கள் உறுப்பினராகலாம் என்று மக்களவை ஒப்புக்கொண்டும் பிரபுக்கள் சபை அதை நீக்கிவிட்டது. புதிய மன்றங்கள் முழுக்க ஆண்கள் மன்றங்களாயின. வெஸ்ட்ரி என்னும் பழங்காலப் பெயரைக் களைந்து நவீனமாக்கிய அதே சட்டம், பாதி ஊரை வெளியேற்றிக் கதவைச் சாத்தியது. அந்தக் கதவு 1907இல்தான் மீண்டும் திறந்தது.

ஷா இதை விடவில்லை. பெண்களின் கழிப்பிடம் கட்டணமின்றி இருக்கவேண்டும் என்பது அவர் வாதம். ஒரு பென்னி உங்களுக்குப் பொருட்டில்லை, அங்காடிக்காரிக்குப் பொருட்டு. 1909இல், மன்றத்தைவிட்டு வந்து ஆறாண்டு ஆன பிறகு, பெண்கள் வாக்குரிமை இதழொன்றில் இந்த அனுபவத்தைக் கட்டுரையாக்கினார். அதற்கு அவர் வைத்த தலைப்பின் பொருள்: பெண்களின் வாக்குரிமைக்கு, வாய்விட்டுச் சொல்லமுடியாத வாதம். உரிமை, நீதி, சமத்துவம் என்று எல்லோரும் மேடையில் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கழிப்பிடத்தைப் பற்றிப் பேசினார். ஊரில் பாதிப்பேரின் உடல் தேவையை அறியாத, அறிந்தாலும் பேசக் கூசுகிற சபை எப்படி ஊரை ஆளும் என்று கேட்டார். அவர் மன்றத்தைவிட்டுப் போய் ஆண்டுகள் சில கழிந்த பின்னரே கேம்டன் முனையில் பெண்களுக்கான கழிப்பிடம் வந்தது.

மரியாதைக்குரிய ஒருவரைப் பற்றி எழுதும்போது இதோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். ஆனால் 1901ஐத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த ஆண்டு லண்டனில் பெரியம்மை பரவியது. அடுத்த ஆண்டுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஷா அப்போது சுகாதாரக் குழுவில் இருக்கிறார். அறிக்கைகள் அவர் மேசைக்கு வருகின்றன. அந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு அவர் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதினார். எதற்காக? அம்மை குத்துதல் பயனற்றது, ஆபத்தானது என்று வாதிடுவதற்காக. சிறுவயதில் அம்மை குத்திக்கொண்டும் 1881இல் அவரையே பெரியம்மை பீடித்தது. அது அவருடைய ‘ஆதாரம்’. சாக்கடையைச் சீர்செய்தால், நெரிசலைக் குறைத்தால், நோய் தானே ஒழியும் என்பது அவர் கட்சி. சாக்கடையைச் சீர்செய்யவேண்டியதுதான். காலராவும் டைஃபாய்டும் அதனால் குறைந்தன. ஆனால் பெரியம்மை சாக்கடைவழியாக வருவதன்று. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை அடியோடு ஒழிந்தது என்று அறிவித்தபோது அந்த வெற்றிக்குக் காரணம் ஷா எள்ளி நகையாடிய அந்த ஊசிதான். மின்சாரக் கணக்கைப் பிரித்து விளக்கிய அதே கூர்மை, அதே நகைச்சுவை, அதே தன்னம்பிக்கை இந்தக் கடிதங்களிலும் இருந்தன. ஒரு செயின்ட் பாங்க்ராஸ்வாசி இரண்டையும் படித்து எது சரி, எது தவறு என்று எப்படிப் பிரித்திருப்பார்? நடையை வைத்துப் பிரித்திருக்க முடியாது. எத்தனை தாய்மார் அதைப் படித்துவிட்டுக் குழந்தையை அழைத்துப் போகாமல் நின்றார்கள் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது. ‘டாக்டர்ஸ் டைலமா’ நாடகத்துக்கு அவர் எழுதிய நீண்ட முன்னுரையில், சம்பளம் வாங்கும் சுகாதார அலுவலரே மெய்யான மருத்துவர், ஏனென்றால் நோய் குறைந்தால்தான் அவருக்குப் பெருமை என்று மிக அழகாக வாதிடுவார். அதே அலுவலர்கள் அம்மை குத்தச் சொன்னபோது மட்டும் அவர் கேட்கவில்லை.

1904இல் லண்டன் மாவட்ட மன்றத்துக்குத் தெற்கு செயின்ட் பாங்க்ராஸில் நின்றார், தோற்றார். மதுவிலக்குக்காரர்களிடம் போய் மதுக்கடைகளை நகராட்சியே நடத்தவேண்டும் என்றார். திருச்சபைப் பள்ளிகளுக்கு வரிப்பணம் தரக்கூடாது என்று கொதித்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், தரலாம் என்றார். தமக்கு வாக்களிக்கக் கூடியவர்களைத் தேடித் தேடிப் பகைத்துக்கொண்டார் எனலாம். அத்துடன் அவருடைய உள்ளாட்சி வாழ்க்கை முடிந்தது.

முப்பதாண்டுகள் கழித்து, 1934இல், அதே செயின்ட் பாங்க்ராஸ் மன்றத்துக்குத் தொழிற்கட்சியின் சார்பில் ஓர் இந்தியர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோழிக்கோட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, சட்டக் கல்லூரியில் படிக்கையில் அடையாற்றில் அன்னி பெசண்டின் ஹோம் ரூல் இயக்கத்தில் ஈர்க்கப்பட்ட வி. கே. கிருஷ்ண மேனன். 1924இல் அவரை இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்ததும் பெசண்ட் அம்மையார்தான். ஷாவோடு ஒரே தொகுப்பில் எழுதியவர் சென்னையில் வளர்த்த பிள்ளை ஷாவின் மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தான் என்றால் கதைபோல இருக்கிறது. கதை இன்னும் இருக்கிறது. 1937இல் ஆலன் லேன் ஆறு பென்ஸ் விலையில் அறிவு நூல்களை வெளியிடப் பெலிகன் வரிசையைத் தொடங்கினார். அதன் பதிப்பாசிரியர்களுள் ஒருவர் மேனன். வரிசையின் முதல் நூல் எது தெரியுமா? ஷாவின் ‘அறிவுள்ள பெண்ணுக்குச் சோஷலிச வழிகாட்டி’, இரண்டு தொகுதிகளாக, அந்தப் பதிப்புக்கென்றே அவர் புதிதாக எழுதிச் சேர்த்த அத்தியாயங்களுடன். அந்த வரிசைக்குப் பெயர் வந்ததற்கும் ஒரு கதை சொல்வார்கள்: கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையப் புத்தகக்கடையில் ஒரு பெண் பெங்குவின் என்பதற்குப் பதிலாகப் பெலிகன் என்று தவறாகக் கேட்டாராம். கிங்ஸ் கிராஸும் செயின்ட் பாங்க்ராஸ் எல்லைக்குள்தான்.

1957இல் ஐ.நா. சபையில் காஷ்மீரைப் பற்றி எட்டு மணிநேரத்துக்குப் பக்கமாகப் பேசியவர் என்றும், 1962இல் சீனப் போருக்குப் பின் பதவி விலகிய பாதுகாப்பு அமைச்சர் என்றும்தான் நமக்கு மேனனைத் தெரியும். செயின்ட் பாங்க்ராஸ் அறிந்த மேனன் வேறு. 1947இல் இந்தியத் தூதராகும்வரை பதின்மூன்று ஆண்டுகள் அவர் அங்கே உறுப்பினர். நூலகக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். ஷாவைப்போல அவர் மக்களுக்குக் கணக்கு விளக்கி எழுதவில்லை. கணக்கையும் அதற்கு எதிர்க் கணக்கையும் அவர்களே எடுத்துப் படிக்கும்படி புத்தகங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க நினைத்தார். அம்மை குத்தும் விவகாரத்தை நினைக்கும்போது இதுவே பாதுகாப்பான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஊரில் எத்தனை மதுக்கடைகள் உண்டோ அத்தனை நூலகங்கள் வேண்டும் என்பது அவர் ஆசை என்பார்கள். அத்தனை வரவில்லை. ஆனால் போர்க்காலத்தில், லண்டன்மீது குண்டுகள் விழுந்த பின் 1941இல், செயின்ட் பாங்க்ராஸ் தெருக்களில் புத்தக அடுக்குகள் பொருத்திய வண்டியொன்று ஓடியது. அதன் படத்தைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் படிக்கட்டருகே பெண்கள் கையில் புத்தகத்துடன் நிற்கிறார்கள். மேனன் அந்நாட்களில் அதே பகுதியில் விமானத் தாக்குதல் காவலராகவும் இரவுகளில் சுற்றிக்கொண்டிருந்தார்.

1946இல் ஷாவுக்குத் தொண்ணூறு வயது நிறைந்தபோது செயின்ட் பாங்க்ராஸ் மன்றம் அவருக்குத் தன் கௌரவக் குடியுரிமையை அளித்தது. மேனன் அப்போது மன்ற உறுப்பினர். 1955இல் அதே கௌரவம் மேனனுக்கும் கிடைத்தது. 1965இல் செயின்ட் பாங்க்ராஸ் மன்றமே இல்லாமல் போயிற்று. அக்கம்பக்கத்து மன்றங்களோடு சேர்த்துக் கேம்டன் ஆக்கிவிட்டார்கள். மேனன் 1974இல் மறைந்த பின், ஷா குடியிருந்த அதே ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் அவருக்கு மார்பளவு வெண்கலச் சிலை ஒன்று வைத்தார்கள். அது களவு போயிற்று. 29ஆம் எண் வீட்டுச் சுவரில் ஷாவின் பெயர்ப்பலகை இருக்கிறது. அவருடைய மேதைமையைப் பாராட்டும் அந்தப் பலகையில் கவுன்சிலர் என்னும் சொல் இல்லை.